குறைந்த எண்ணும் கூடிய எண்ணும்: எச்.ஐ.வி. உள்ளோரின் இரத்தக் கொழுப்பு



எச்.ஐ.வி. தொற்றைப் பற்றி எந்தக் கோணத்திலும் பேசலாம் என்று எனக்குப் பூரண சுதந்திரம் அளித்திருந்த, இச்சொற்பொழிவை ஏற்பாடு செய்த அறக்கட்டளையினர், நான் இரத்தக் கொழுப்பைப் பொருளாகத் தேர்ந்துகொண்டேன் என்று அறிந்தபோது சற்றே வியந்தார்கள். ஒரு காலத்தில் 'உயிர்க்கொல்லி' என்று சுவர்தோறும் எழுதி ஊரை அச்சுறுத்திய வியாதியைக் குறித்துப் பேச வந்தவன், ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர்கள் காலை நடையின்போது ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் கொலஸ்ட்ராலைப் பற்றிப் பேசுவது பொருத்தந்தானா என்ற ஐயம் அவர்களுக்கு எழுந்திருந்தால் அதில் பிழையில்லை. ஆயினும் அந்த வியாதி இந்தச் சாதாரண விசாரணைக்குள் வந்து சேர்ந்தது எப்படி என்பதே நான் சொல்ல வந்த கதை. அக்கதையினூடே, ஒரே எண் இருவேறு காலங்களில் இருவேறு பொருள் தரக்கூடும் என்பதையும், நோயாளி என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேளாமல் கொழுப்புப் பரிசோதனைச் சீட்டைப் படிக்கும் மருத்துவர் அதில் பாதியைத்தான் படிக்கிறார் என்பதையும் நிறுவ முயல்வேன்.

1986-ஆம் ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய சுனிதி சாலமன் அவர்களும் அவரிடம் பயின்ற நிர்மலா அவர்களும் எடுத்த முயற்சியால் திரட்டப்பட்ட இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டு, இத்தொற்று இந்தியாவில் உண்டென்பது முதன்முதலாக வெளிப்பட்டபோது, அவ்விரத்தத்தில் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று கேட்க எவருக்கும் தோன்றியிராது. சில ஆண்டுகளில் காசமோ மூளைக்காய்ச்சலோ கொண்டுபோய்விடும் என்று நிச்சயிக்கப்பட்ட ஒருவருக்கு, இருபதாண்டு கழித்து வரக்கூடிய மாரடைப்பைக் குறித்து எச்சரிப்பதில் என்ன நியாயம் உண்டு? 2004 ஏப்ரல் முதல் நாளன்று, அரசின் செலவில் கூட்டு மருந்துச் சிகிச்சை நாட்டின் எட்டு மையங்களில் தொடங்கிற்று. தாம்பரம் சானடோரியம் அவற்றுள் ஒன்று. தூக்கிவரப்பட்டவர்கள் பின்பு தாமே நடந்து வந்து, வரிசையில் நின்று, மாதாந்திர மருந்தை வாங்கிச் சென்ற காலம் அங்கிருந்துதான் ஆரம்பமாகிறது. நாட்டில் இத்தொற்றுடன் வாழ்வோர் ஏறத்தாழ 24 லட்சம் பேர் என்பது 2021-ஆம் ஆண்டின் அரசு மதிப்பீடு. இவர்களுள் மருந்தைத் தவறாமல் உட்கொள்பவர்கள் ஐம்பதையும் அறுபதையும் எட்டுகிறார்கள். எட்டியவர்களுக்கு, ஒத்த வயதுடைய ஏனையோரைக் காட்டிலும் மாரடைப்பு முதலிய இரத்தக்குழாய் வியாதிகள் ஏறக்குறைய இருமடங்கு நேர்கின்றன என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

மாணவர்கள் பொறுத்துக்கொள்வார்களாக, ஏனையோர் பொருட்டு அடிப்படையை இரண்டொரு வாக்கியங்களில் சொல்லிவிடுகிறேன். கொழுப்பு நீரில் கரையாதாகையால், இரத்தத்தில் அது தனியே திரியாமல், புரதம் சேர்ந்த நுண்ணிய பொதிகளாகவே பிரயாணம் செய்கிறது. உடலெங்கும் கொலஸ்ட்ராலைக் கொண்டுசெல்லும் பொதி எல்.டி.எல்.; மிஞ்சியதைத் திரட்டிக் கல்லீரலுக்குத் திருப்பும் பொதி எச்.டி.எல்.; இவற்றையே ஜனங்கள் கெட்ட கொழுப்பென்றும் நல்ல கொழுப்பென்றும் வழங்குகிறார்கள். சோறும் சர்க்கரையும் அளவுக்கு மிஞ்சினால் கல்லீரல் ஆக்கி அனுப்புவது டிரைகிளிசரைடு. ஒரு சிறு நுணுக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். பல ஆய்வகங்கள் எல்.டி.எல்.லை நேரே அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துக் கணக்கிட்டே சொல்கின்றன. டிரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 400 மில்லிகிராமைத் தாண்டிவிட்டால் இக்கணக்குச் செல்லாது. எச்.ஐ.வி. உள்ளோரில் அவ்வளவைத் தாண்டுகிறவர்கள் அரியர் அல்லர் என்பதால், இச்சிறு நுணுக்கம் நம் விஷயத்தில் பெரிதாகிறது.

இனி, தொற்று கொழுப்பை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு வருவோம். இதற்குத் திட்டமான விடை கிடைக்கவேண்டுமானால், ஒரே மனிதரின் இரத்தம் தொற்றுக்கு முன்னும், தொற்றிய பின்னும், மருந்து தொடங்கிய பின்னும் கைவசம் இருக்கவேண்டும். யாருக்கு எப்போது தொற்றும் என்பதை முன்கூட்டி அறிவார் யார்? ஆனால் அமெரிக்காவில் 1984-ஆம் ஆண்டு முதல் பால்டிமோர், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், பிட்ஸ்பர்க் ஆகிய நகரங்களில் தற்பால் உறவுடைய ஆடவர் ஆயிரக்கணக்கில் தாமாக முன்வந்து, ஆறு மாதத்துக்கொருமுறை இரத்தம் கொடுத்து, அது உறைநிலையில் பாதுகாக்கப்பட்டு வந்தது. அவர்களுள் ஆய்வுக்காலத்திலேயே தொற்றுக்கு ஆளாகிப் பின்னர் வீரியமுள்ள கூட்டு மருந்தையும் தொடங்கிய ஐம்பது பேரின் பழைய இரத்தத்தை எடுத்து அளந்து, 2003-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். தொற்றியபின் மொத்தக் கொலஸ்ட்ரால் சராசரி 30 மில்லிகிராமும், எல்.டி.எல். 22 மில்லிகிராமும், எச்.டி.எல். 12 மில்லிகிராமும் இறங்கியிருந்தன. மருந்து தொடங்கியபின் மொத்தக் கொலஸ்ட்ரால் 50 மில்லிகிராம் ஏறிற்று, எல்.டி.எல். ஏறக்குறையப் பழைய நிலைக்கே திரும்பிற்று, எச்.டி.எல். மட்டும் திரும்பவேயில்லை.

இந்த இரண்டு வாக்கியங்களில் பெரியதொரு சாஸ்திரம் அடங்கியிருக்கிறது. மருந்தின்றி இருக்கும் நோயாளியின் கொலஸ்ட்ரால் 130 என்று சீட்டில் கண்டு, 'பேஷ், கொழுப்பு நன்றாக இருக்கிறது' என்று மகிழ்வது, கோடையில் கிணறு வற்றியதைப் பார்த்து வெள்ள அபாயம் நீங்கிற்று என்று மகிழ்வதற்கு ஒப்பாகும். கிருமி எந்நேரமும் பெருகிக்கொண்டிருக்க, உடல் எந்நேரமும் அதனோடு பொருதிக்கொண்டிருக்கிறது. அப்போரில் சுரக்கும் இன்டர்ஃபெரான் முதலிய பொருள்கள் கொலஸ்ட்ராலைத் தாழ்த்தி, டிரைகிளிசரைடு இரத்தத்தினின்று அகல்வதைத் தாமதப்படுத்துகின்றன. கிருமியே கூட ஒருவகையில் கொழுப்பை நாடி வாழ்வதுதான்: அதன் மேலுறை கொலஸ்ட்ரால் செறிந்தது, உயிரணுவின் சவ்வில் கொலஸ்ட்ரால் மிகுந்த இடங்களைத் தேர்ந்து அவ்விடத்தினின்றே அது வெளிப்படுகிறது. போதாக்குறைக்கு அதன் புரதங்களுள் ஒன்றான நெஃப், பெருவிழுங்கணுக்கள் தம்முள் சேர்ந்த கொலஸ்ட்ராலை எச்.டி.எல்.லிடம் ஒப்படைக்கும் வழியையும் அடைத்துவிடுகிறது. ஆக, சீட்டில் எண் இறங்கியிருக்கும் அதே காலத்தில், இரத்தக்குழாயின் சுவரில் கொழுப்பு தங்குவதற்கு வேண்டிய ஏற்பாடு நடந்துகொண்டிருக்கிறது.

1996-ஆம் ஆண்டை ஒட்டி மேல்நாடுகளில் புரோட்டியேஸ் தடுப்பு மருந்துகள் புழக்கத்துக்கு வந்து, மரணம் சடுதியில் குறைந்தது. அம்மகிழ்ச்சி தணியுமுன்பே வேறொரு விபரீதம் கண்ணுக்குத் தென்படத் தொடங்கிற்று. ரிட்டோனாவிர் உட்கொண்டோர் சிலருக்கு டிரைகிளிசரைடு ஆயிரத்தையும் தாண்டிற்று. அத்தகைய இரத்தத்தைக் குழாயில் எடுத்துச் சிறிது நேரம் நிறுத்திவைத்தால், மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் பால்போல் வெளுத்து நிற்கும். கன்னமும் கைகால்களும் மெலிய, வயிறும் பிடரியும் பருக்கும் உருமாற்றத்தை 1998-இல் சிட்னி மருத்துவர்கள் விரித்தெழுதினார்கள். பல நாட்டு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த மற்றொரு பெரிய ஆய்வு, கூட்டு மருந்து உட்கொள்ளும் ஒவ்வோராண்டுக்கும் மாரடைப்பின் விகிதம் 26 சதவீதம் கூடுகிறது என்று 2003-இல் அறிவித்தது. கூடிற்று என்றாலும், அடிப்படை விகிதமே சிறிதாதலால் உண்மையில் மாரடைப்புக்கு ஆளானவர்கள் சிலரே என்பதையும் அவ்வாய்வாளர் கூடவே எழுதியிருந்தார்கள். அந்தப் பகுதியைப் படித்தவர்கள்தாம் குறைவு.

நம் நாட்டின் கதை வேறு. புரோட்டியேஸ் தடுப்பு மருந்துகள் விலையுயர்ந்தவை. அவை நம்மவர்க்கு எட்டாக்கனியாக இருந்தன. ஆண்டொன்றுக்கு ஒருவருக்குப் பதினாயிரம் டாலருக்கு மேல் விற்ற கூட்டு மருந்தை, 350 டாலருக்குத் தருகிறோம் என்று 2001-இல் சிப்லா நிறுவனம் உலகறிய அறிவித்ததே, அது ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் என்னும் மூன்றும் சேர்ந்தது. 2004-இல் நம் அரசு மையங்களில் பெரும்பாலோர் பெற்றதும் அத்தகைய மும்மருந்தே. இதில் ஒரு வினோதம் உண்டு. நெவிரபின் நல்ல கொழுப்பை உயர்த்தும் அரிய குணமுடையது. ஸ்டாவுடினோ டிரைகிளிசரைடை உயர்த்தி, தோலுக்கடியிலுள்ள கொழுப்பைத் தின்றுவிடுவது. ஒரே மாத்திரையில் உபகாரியும் அபகாரியும் குடியிருந்தார்கள்.

ஸ்டாவுடின் காலத்து நோயாளியை எண்களால் அறிந்துகொள்ள முடியாது, பார்த்தவர்களே அறிவார்கள். கன்னக் கதுப்பு கரைந்து, பல்வரிசையின் வடிவம் வெளியே தெரியும். முன்கையிலும் கெண்டைக்காலிலும் இரத்தநாளங்கள் கயிறுபோல் புடைத்து நிற்கும். உட்காருமிடத்தில் சதை வற்றிப்போய், மையத்தின் மரப்பலகையில் அமர நோயாளி துண்டை மடித்துப் போட்டுக்கொள்வார். நோயெதிர்ப்பு வலிமையைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை உயர்ந்திருக்கும், கிருமி அடங்கியிருக்கும், மருத்துவர் முகமலர்ச்சியோடு கோப்பை மூடுவார். எதிரே அமர்ந்தவரோ, 'மூஞ்சியப் பாத்தே ஊர்ல கண்டுபிடிச்சிடுறாங்க சார், இதுக்கு அப்பவே போயிருக்கலாம்' என்பார். கொழுப்பு இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமற்போய், இருக்கக்கூடாத இரத்தத்தில் ஏறிய இந்த அவலத்தை, விலை மலிவை முன்னிட்டு ஏழைநாடுகள் நெடுங்காலம் பொறுத்துக்கொண்டன. இம்மருந்தை விலக்கிக்கொள்ளுமாறு உலகச் சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டின் இறுதியில்தான் பரிந்துரைத்தது. மேல்நாட்டார் அதற்குப் பல்லாண்டு முன்பே அதைக் கைவிடத் தொடங்கியிருந்தார்கள் என்பதை நினைக்கும்போது, என் போன்றோர்க்கு இன்றும் சிறிது மனக்கசப்பு உண்டு.

மருந்தே கொழுப்பை ஏற்றுகிறதென்றால், நிலைமை சீரானபின் மருந்தை நிறுத்தி, தேவைப்படும்போது மீண்டும் தொடங்கலாகாதா என்ற கேள்வி எழுவது இயல்பே. இக்கேள்விக்கு விடை காண 33 நாடுகளில் 5,472 பேரைச் சேர்த்து நடத்திய ஸ்மார்ட் என்னும் ஆய்வை, நான் இத்துறையின் மகத்தான ஆய்வுகளுள் ஒன்றாகக் கருதுகிறேன். ஒரு சாரார் மருந்தை இடைவிடாது உட்கொண்டார்கள். மறு சாரார் சி.டி.4 எண்ணிக்கை 350-க்கு மேல் இருக்கும்வரை நிறுத்தி, 250-க்குக் கீழிறங்கினால் தொடங்கினார்கள். நிறுத்தியோரில் மருந்தின் நச்சுக்குணம் குறையும், இதயம் காக்கப்படும் என்பது எதிர்பார்ப்பு. நேர்ந்ததோ நேர்மாறு. நிறுத்தியோரிடையே மரணம் மிகுந்தது; அதுமட்டுமன்றி, இதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றின் பெருவியாதிகளும் மிகுந்தன. 2006-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே ஆய்வு நிறுத்தப்பட்டது. நாம் இங்கே உற்றுநோக்க வேண்டியது யாதெனில், மருந்தை நிறுத்தியவர்களின் மொத்தக் கொலஸ்ட்ராலும் எல்.டி.எல்.லும் எதிர்பார்த்தபடியே இறங்கியிருந்தன, கூடவே எச்.டி.எல்.லும் இறங்கியதால், மொத்தக் கொலஸ்ட்ராலுக்கும் எச்.டி.எல்.லுக்கும் உள்ள விகிதம் கெட்டிருந்தது. அதாவது, சீட்டில் கெட்ட கொழுப்பு குறைந்த கூட்டத்துக்கே இதயக்கேடு கூடிற்று. கொலஸ்ட்ராலுக்கு அஞ்சிக் கூட்டு மருந்தை ஒருநாளும் நிறுத்தலாகாது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான பிரமாணம் வேண்டியதில்லை.

இப்போது நம் மையங்களில் வழங்கப்படும் மாத்திரை டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் கூடியது. நாளுக்கு ஒன்று போட்டுக்கொண்டால் போதும். கொழுப்பைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் சாது. டெனோஃபோவிரின் பழைய வடிவம் கொலஸ்ட்ராலைச் சிறிது கீழே இழுக்கக்கூடச் செய்யும். சிறுநீரகத்தையும் எலும்பையும் முன்னிட்டு அதன் புதிய வடிவத்துக்கு மாறியவர்களின் சீட்டில் எண் சற்றே ஏறக்கண்டு மருளத் தேவையில்லை, இழுத்த கை விலகியதே அதற்குப் பெரிதும் காரணம். டோலுடெக்ராவிரால் உடல் எடை கூடுவது வேறு விஷயம். தொந்தியும் சர்க்கரையும் இயல்பிலேயே துரத்திவரும் நம் தேசத்தவர்க்கு, கொலஸ்ட்ராலைவிட அதுவே நாளைய கவலை என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் மருந்தும் சாது, கிருமியும் அடக்கம், கொழுப்பும் நடுத்தரம் என்றிருக்கும் ஐம்பது வயதுக்காரருக்கு மேற்கொண்டு செய்யத்தக்கது ஏதேனும் உண்டா? உண்டு என்று 2023-ஆம் ஆண்டு ரிப்ரீவ் ஆய்வு விடை தந்தது. 12 நாடுகளில், இந்தியா உட்பட, 40 முதல் 75 வயதுக்குட்பட்ட 7,769 பேர் அதில் பங்கேற்றார்கள். இவர்கள் வழக்கமான கணக்குப்படி இதய அபாயம் குறைந்தவர்கள் அல்லது நடுத்தரமானவர்கள், எல்.டி.எல். நடுவிலக்கம் 108 தான். வேறு எந்த இதய மருத்துவரும் இவர்களுக்கு மாத்திரை எழுதாமல் நடக்கச் சொல்லி அனுப்பியிருப்பார். பாதிப்பேருக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் பிடாவாஸ்டாடின் என்னும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மருந்தும், மீதிப்பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்து ஐந்தாண்டளவில் பார்த்தபோது, மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெருங்கேடுகள் 35 சதவீதம் குறைந்திருந்தன. பயன் திண்ணமாயிற்றென்று ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே முடித்தார்கள். எல்.டி.எல். இறங்கிய அளவுக்கு எதிர்பார்க்கத்தக்க பயனைவிட இது அதிகம். அழற்சியைத் தணிக்கும் குணமும் ஸ்டாடினுக்கு உண்டென்பது ஒரு காரணமாகலாம். சர்க்கரை வியாதி புதிதாகத் தோன்றியவர்கள் மருந்துப் பிரிவில் 5.3 சதவீதமும் மறு பிரிவில் 4 சதவீதமும் என்பதையும் நாம் மறைத்தலாகாது.

ஸ்டாடின் என்றால் எல்லாம் ஒன்றென்று எண்ணுவது ஆபத்து. சிம்வாஸ்டாடினையும் லோவாஸ்டாடினையும் கல்லீரலில் சிதைக்கும் நொதியை ரிட்டோனாவிர் முடக்கிவிடுவதால், இவ்விரண்டும் இரத்தத்தில் பன்மடங்கு பெருகித் தசைகளைச் சிதைத்து, சிறுநீரைக் கருக்கச் செய்து, சிறுநீரகத்தையும் வீழ்த்தவல்லவை. எஃபாவிரென்ஸ் என்னும் எச்.ஐ.வி. மருந்தோ இதற்கு நேர்விரோதமாக ஸ்டாடினை விரைவில் கரைத்துப் பயனற்றதாக்கும். இரண்டாம் நிலை மருந்தாக ரிட்டோனாவிர் சேர்ந்த மாத்திரை பெறுபவர், நெஞ்சுவலி என்று தம் ஊரின் தனியார் மருத்துவரிடம் போய், தொற்றை வெளியே சொல்ல அஞ்சி, 'வேற மருந்து எதுவும் எடுக்கல' என்று கூறிவிட்டால் என்னவாகும் என்பதை நான் விரிக்க வேண்டியதில்லை. தம் நிலையை வெளியிடுமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டம், அச்சட்டம் நியாயமானது. ஆகவே நான் என்னிடம் வருவோருக்குச் சொல்வது, 'நோயின் பெயரைச் சொல்ல மனமில்லையென்றால் இந்தச் சீட்டை மட்டும் காட்டுங்கள், இதில் மாத்திரையின் பெயர் இருக்கிறது. புரிந்தவர் புரிந்துகொள்வார், புரியாதவர் எங்களுக்குப் போன் செய்வார்' என்பதே.

இனி, உள்ளபடி நடப்பது. நாற்பத்தைந்து வயதுள்ள ஓர் அம்மையார். நூறுநாள் வேலைக்குப் போகிறவர். உடம்பில் பிடித்துப் பார்க்கச் சதையில்லை. கொழுப்பு மாத்திரை எழுதுகிறேன் என்றதும், 'எலும்பும் தோலுமா இருக்கேன், எங்கிட்ட ஏது சார் கொழுப்பு?' என்றார். இரத்தத்தில் உள்ளது வேறு என்று விளக்கினேன். சிறிது யோசித்து, 'இருக்கிற ஒண்ணையே அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கேன், இப்ப ரெண்டாவதையும் எங்க கொண்டுபோய் வெப்பேன்?' என்றார். அதை ஒளிக்க வேண்டியதில்லை, எதிர்வீட்டுக்காரரும் இதே மாத்திரையைத்தான் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருப்பார் என்றபோது, அவர் முகத்தில் தோன்றிய ஆச்சரியத்தை என்னால் வர்ணிக்க இயலாது. பலரும் கேட்கும் மற்றொரு கேள்வி உணவைப் பற்றியது. முற்காலத்தில், எடை கூட வேண்டும், முட்டையும் நெய்யும் தாராளமாகச் சாப்பிடுங்கள் என்று நாங்களே சொல்லியனுப்பினோம். மெலிந்து சாகும் காலத்தில் அது சரியான ஆலோசனை. அதையே வேதவாக்காகக் கொண்டு இன்றுவரை கடைப்பிடிப்பவர்களிடம், காலம் மாறிவிட்டது, மூன்று வேளைச் சோற்றில் ஒரு வேளையையாவது குறையுங்கள் என்று சொல்லும்போது, மருத்துவர்கள் மாற்றி மாற்றிப் பேசுகிறவர்கள் என்ற எண்ணம் அவர்களுக்கு உண்டாகிறது. பீடியை விடுங்கள் என்பதைமட்டும் அன்றும் இன்றும் மாற்றாமல் சொல்லிவருகிறோம். மருந்துகள் யாவற்றினும் மாரடைப்பைத் தூண்டுவதில் புகைக்குள்ள பங்கே பெரிது என்றிருக்க, அதைக் கேட்பவர்கள்தாம் மிகச் சிலர்.

ஒரு கூட்டத்தாரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். தாயிடமிருந்து தொற்றைப் பெற்றுப் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே ஸ்டாவுடினில் தொடங்கி, பின்பு ஒவ்வொன்றாக மருந்து மாறி, இன்று இருபதும் இருபத்தைந்தும் வயதாகி, கல்லூரிக்கும் வேலைக்கும் போகிறவர்கள் நம் மையங்களில் உண்டு. கிருமியோடும் மருந்தோடும் இவர்களுடைய இரத்தக்குழாய்கள் பழகிய காலம், ஐம்பது வயதில் நோயறிந்த ஒருவருடைய காலத்தைவிட நீண்டது. ரிப்ரீவ் ஆய்வில் நாற்பதுக்குக் கீழே எவரும் சேர்க்கப்படவில்லை. பத்தாண்டு அபாயத்தைக் கணக்கிடும் அட்டவணைகளுள் பலவும் நாற்பதை ஒட்டியே தொடங்குகின்றன. ஆகையால், எல்.டி.எல். 125-உம் எச்.டி.எல். 31-உம் உள்ள இருபத்துநான்கு வயதுப் பிள்ளைக்கு ஸ்டாடின் தொடங்குவதா, காத்திருப்பதா என்று என்னை யாரேனும் கேட்டால், புகையை விடச் செய்து, எடையைக் கவனித்து, ஆண்டுக்கொருமுறை வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்து, எண்களை ஒரே தாளில் வரிசையாக எழுதிவைக்கிறேன் என்பதற்குமேல் இன்று நான் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை. அத்தாள்கள் பல மையங்களிலிருந்தும் ஒருங்கே திரட்டப்படுமானால், இவ்வினாவுக்கான விடை இந்நாட்டிலேயே எழுதப்படலாம்; அதற்கு முன்வரும் மாணவர்கள் இவ்வவையில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்திக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.